ஐந்து மன்னர்களுக்கு ஊழியம் செய்த வில்லியம் மார்ஷல்

ஐரோப்பாவின் மத்திய காலத்து மன்னர்களைப் பற்றியும் மகான்களைப் பற்றியும் எழுதப்பட்ட சரித்திரங்கள் நமக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் மன்னனாகவும் பிறவாமல், மகானாகவும் வாழாமல், வாளைப் பிடித்து வயிறு வளர்த்து, அந்த வாளாலேயே பிரபுவாகி, முதுமையில் ஒரு ராஜ்யத்தையே தாங்கி நின்ற ஒருவனுடைய வாழ்க்கை, தொட்டில் முதல் கல்லறை வரையில், அவனை நேரில் அறிந்தவர்களின் வாய்மொழியைக் கொண்டே எழுதப்பட்டு நம் காலம் வரையில் தப்பிப் பிழைத்திருப்பது மிகமிக அபூர்வம். அந்தப் பேறு பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிறந்த வில்லியம் மார்ஷல் என்ற நைட்டுக்கு வாய்த்தது. 1219-இல் அவன் இறந்தபின், அவனுடைய மூத்த மகன் பொருள் உதவ, சுமார் முப்பது ஆண்டுகள் அவனுடைய நிழல்போலத் தொடர்ந்த எர்லி ஊர் ஜான் என்பவன் செய்திகளை எடுத்துரைக்க, தன் பெயரைத் தவிர வேறு எதையும் நமக்கு விட்டுச் செல்லாத ஒரு புலவன், அக்காலத்து ஆங்கிலப் பிரபுக்களின் தாய்மொழியாக இருந்த பிரெஞ்சிலே, 19,214 அடிகளில் அவன் வரலாற்றைப் பாடி 1226-ஆம் ஆண்டு வாக்கில் முடித்தான்.

முடிக்கப்பட்ட காவியம் ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் உலகத்தின் கண்ணில் படாமலே கிடந்தது. 1861-இல் லண்டன் சாதபிஸ் ஏலக்கடையில் விற்பனைக்கு வந்த அதன் ஒரே பிரதியைப் பால் மேயர் என்ற இளம் பிரெஞ்சு அறிஞர் பார்த்துப் பிரமித்தார். ஆனால் ஏலத்தில் அதை எடுத்தவர், ஏட்டுச் சுவடிகளை வெறிகொண்டு சேர்த்துவந்த சர் தாமஸ் பிலிப்ஸ். அந்தச் செல்வரின் பெட்டகத்திலே புகுந்த சுவடியை மீண்டும் கண்டுபிடிக்க மேயருக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. 1891-க்கும் 1901-க்கும் இடையே மூன்று தொகுதிகளாக அவர் அதைப் பதிப்பித்த பின்னரே, மத்திய கால நைட் என்பவன் எப்படி உண்டான், எப்படிக் கடன்பட்டான், எப்படிச் சம்பாதித்தான் என்பது சரித்திர ஆசிரியர்களுக்குத் தெளிவாயிற்று.

மகன் பொருள் கொடுத்துப் பாடச்செய்த தந்தையின் புகழ்ப்பாட்டை அப்படியே நம்புவது ஆராய்ச்சியாகாது. ஆகவேதான் அந்தக் காவியத்தை ஆண்ட விதத்தில் அறிஞர்களுக்குள் பெரிய வேற்றுமை காணப்படுகிறது. 1933-இல் சிட்னி பெயின்டர் எழுதிய நூலில் வில்லியம் ஏறக்குறைய குற்றமற்ற உத்தமன். 1984-இல் ஜார்ஜ் துபி என்ற பிரெஞ்சு ஆசிரியரோ அவனை உடல்வலிமை மிகுந்து புத்திவலிமை குறைந்த ஒரு பழங்காலத்து மல்லனாகச் சித்திரித்தார். 1990-இல் டேவிட் கிரவுச் அரசாங்க ஆவணங்களையும் நிலப்பத்திரங்களையும் காவியத்தோடு ஒத்துப்பார்த்து, அரண்மனை அரசியலில் கைதேர்ந்த ஒரு சாமர்த்தியசாலியை வெளிப்படுத்தினார். என் அபிப்பிராயம் கடைசியில் கூறியவரின் பக்கமே சாய்கிறது. ஆயினும் சாமர்த்தியம் ஒன்றை மட்டும் சொல்லி அவனை முடித்துவிட முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது தர்மம் மாத்திரமன்று, அதுவே தன் மூலதனமும் ஆகும் என்பதை அந்த மனிதன் தன் சமகாலத்தவர் எவரையும்விடத் தெளிவாக உணர்ந்திருந்தான். காவியம் வாய் ஓயாமல் பாடும் அவனுடைய போர்வெற்றிகளைக் காட்டிலும், காவியம் வாய் திறவாமல் கடந்துசெல்லும் ஒரு காரியமே அவன் பெயரை நிலைநிறுத்தத் தக்கது என்பதைக் காட்டுவதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வில்லியம் 1146 அல்லது 1147-இல் பிறந்தான். அவன் தந்தை ஜான், அரசனுடைய குதிரை லாயங்களையும் பரிவாரத்தின் ஒழுங்கையும் மேற்பார்க்கும் மார்ஷல் பதவியைப் பரம்பரையாக வகித்தவன். எரிகின்ற தேவாலயக் கோபுரத்திலிருந்து உருகி ஒழுகிய ஈயம் பட்டு ஒரு கண்ணை இழந்தும் சரணடைய மறுத்த முரடன். அப்பொழுது இங்கிலாந்தின் சிம்மாசனத்துக்காக ஸ்டீபன் மன்னனும் மெட்டில்டாவும் போராடிக்கொண்டிருந்தனர். 1152-இல் ஸ்டீபன் நியூபரிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தவணை கேட்ட ஜான், அதற்குப் பிணையாகத் தன் சிறு பிள்ளை வில்லியத்தைக் கொடுத்தான். தவணைக் காலத்திலேயே கோட்டைக்குள் ஆளும் தானியமும் சேர்த்து வாக்கை மீறினான். பிள்ளையைத் தூக்கிலிடுவோம் என்று அரசன் சொல்லியனுப்பியபோது, இதைவிடச் சிறந்த பிள்ளைகளைச் செய்துகொள்ள வேண்டிய சம்மட்டியும் பட்டடைக்கல்லும் தன்னிடத்தில் இருக்கின்றன என்ற பொருள்பட அந்தத் தந்தை விடையனுப்பினான் என்று காவியம் கூறுகிறது. தூக்குமரத்துக்குக் கொண்டு போகிற வழியில் ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியை விளையாடக் கேட்ட குழந்தையைக் கண்டு ஸ்டீபனின் மனம் இளகியது; பின்னர் அரசனுடைய கூடாரத்திலேயே அந்த அரசனும் பிணைக்கைதியும் புல்தண்டுகளை வீரர்களாக வைத்துச் சண்டை விளையாட்டு ஆடினார்கள். கதையில் எவ்வளவு மெருகேற்றியிருந்தாலும், தந்தை வாக்குத் தவறினான் என்பதும் மகன் அதற்கு விலையாக வைக்கப்பட்டான் என்பதும் கற்பனையாக இருக்க நியாயமில்லை. தன் குலத்துக்குப் பெருமை தராத செய்தியைக் கூலிக்குப் பாடுகிற புலவன் புனைந்துரைப்பானா?

தலைமகனுக்கே நிலம் சேரும் அந்தச் சமுதாயத்தில், மூத்த சகோதரர்களையுடைய வில்லியத்துக்குத் தந்தையின் சொத்தில் ஒரு காணியும் உரிமையில்லை. ஆகவே உறவினனும் நார்மண்டியின் பெரும் பிரபுவுமான டான்கார்வில் வில்லியம் என்பவனிடம் ஆயுதப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டான். இருபது வயதில் நைட் பட்டம் பெற்ற கையோடு, த்ரான்கூர் என்ற ஊரில் நடந்த ஒரு சண்டையில் அவன் வெகு தீரமாகப் போராடினான்; ஆனால் அவனுடைய ஒரே போர்க்குதிரை வெட்டுண்டு இறந்தது. அன்று இரவு விருந்தில், எஸ்ஸெக்ஸ் பிரபுவான மாண்டவில் அவனைப் பார்த்து, சேணத்தின் வால்வாராவது பழைய கழுத்துப்பட்டையாவது எனக்கு ஒன்று கொடு என்று கேட்டானாம். அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்று இளைஞன் வெகுளியாகச் சொல்ல, சபை முழுவதும் சிரித்தது. ஏனெனில் அத்தனை வீரர்களை வீழ்த்திவிட்டு, ஒருவனுடைய குதிரையையேனும் கைப்பற்றத் தெரியாதவன் அங்கே அவன் ஒருவனே. பட்டம் பெற்ற அன்று உடுத்திய மேலங்கியை 22 ஷில்லிங்குக்கு விற்று, சுமை தூக்கும் ஒரு மட்டக்குதிரையை அவன் வாங்க நேர்ந்தது. வீரம் வேறு, ஜீவனம் வேறு என்ற அந்தப் பாடத்தை அவன் அதன்பின் ஒருநாளும் மறக்கவில்லை.

1168-இல் தாய்மாமனாகிய சாலிஸ்பரி பிரபு பேட்ரிக்கின் பரிவாரத்தில் பிரான்சின் பொய்த்தூ நாட்டுக்குச் சென்றபோது, லூசிஞான் குலத்தார் மறைந்திருந்து தாக்கி, கவசமணியாதிருந்த மாமனைக் கொன்றார்கள். ஒரு வேலியைப் பின்புறம் காப்பாக வைத்துக்கொண்டு தனியே போராடிய மருமகன் தொடையில் ஈட்டிக்காயம் பட்டுச் சிறைப்பட்டான். மீட்புப் பணம் கொடுக்க நாதியற்ற அந்த இளைஞனை மீட்டவள் இரண்டாம் ஹென்றியின் பட்டத்தரசியான அக்விடெயின் எலினார். குதிரையும் உடையும் பணமும் கொடுத்து அவள் அவனைத் தன் ஊழியத்தில் அமர்த்தினாள். 1170-இல் தன் உயிர்க்காலத்திலேயே ஹென்றி தன் மகனுக்கு முடிசூட்டி அவனை இளைய மன்னன் ஆக்கியபோது, அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆயுத ஆசானாக வில்லியம் நியமனம் பெற்றான்.

அதன்பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிக் காவியம் மிகுந்த உற்சாகத்தோடு பேசுகிறது. நாமும் இங்கே சற்று நிற்கலாம். நைட்டுகளின் போர்விளையாட்டு என்றவுடன், வண்ணக் கூடாரங்களுக்கு நடுவே வேலியிட்ட களத்தில் இருவர் எதிரெதிராக ஈட்டி தாங்கிப் பாயும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அது பிற்காலத்து நாகரிகம். வில்லியத்தின் காலத்திலே, இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் தெருக்களும் எல்லாம் களமாக, நூற்றுக்கணக்கான குதிரைவீரர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நாள் முழுவதும் மோதுவார்கள். உண்மையான யுத்தத்துக்கும் இதற்கும் இருந்த பேதம், இங்கே களைத்தவன் இளைப்பாற வேலியிட்ட புகலிடங்கள் உண்டு என்பதும், நோக்கம் கொல்வதன்று, பிடிப்பதே என்பதும்தான். பிடிபட்டவன் தன் குதிரையையும் கவசத்தையும் இழப்பான், அல்லது அவற்றுக்கு ஈடான பணம் கொடுத்து மீள்வான். 1130-இல் கிளெர்மோன் சபையும் 1179-இல் மூன்றாம் லாத்தரன் சபையும் இதைக் கண்டித்துத் தடைவிதித்தன, பயன் ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்குள் இவ்விளையாட்டை இரண்டாம் ஹென்றி அனுமதிக்கவில்லை. அவன் மகன் ரிச்சர்டு 1194-இல் ஐந்து இடங்களைக் குறித்து, எர்ல் பதவியில் உள்ளவனுக்கு 20 மார்க், பாரனுக்கு 10, நிலமுள்ள நைட்டுக்கு 4, நிலமில்லாதவனுக்கு 2 என்று கட்டணம் வசூலித்து அனுமதித்தான். பாவம் என்று பாதிரிமார் சொன்னதை அரசன் வருமானமாக மாற்றிக்கொண்டான்.

இந்தத் தொழிலிலே வில்லியம் தன் காலத்துக்கு நிகரற்றவன். எதிரியின் கடிவாளத்தை எட்டிப் பிடித்து, குதிரையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு தன் கட்சிக்குள் போய்விடுவது அவன் கைவந்த வித்தை. ரோஜர் என்ற மற்றொரு வீரனோடு லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டு ஊர் ஊராகச் சென்றான். ஒரு பெந்தெகொஸ்தே விழாவுக்கும் அடுத்த தவக்காலத்துக்கும் இடையே அவ்விருவரும் 103 நைட்டுகளைப் பிடித்தார்கள் என்பதை, இளைய மன்னனின் சமையற்கட்டுக் கணக்கன் விகெய்ன் எழுதிவைத்த பட்டியலைச் சாட்சியாகக் காட்டிக் காவியம் கூறுகிறது. வீரகாவியத்துக்கு ஆதாரம் சமையற்கட்டுக் கணக்கு! மத்திய காலத்து வீரத்தைப் பற்றி இதைக் காட்டிலும் உண்மையான ஒரு செய்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை. ப்ளூர் என்ற ஊரில் அன்றைய சிறந்த வீரனுக்கு உரிய பரிசாக ஒரு பெரிய ஆற்றுமீனைக் கொடுக்க அவனைத் தேடிச் சென்றபோது, கொல்லன் உலைக்களத்திலே பட்டடைக்கல்லின்மேல் தலையை வைத்துக்கொண்டு அவன் குனிந்திருந்தானாம். அடிபட்டு நசுங்கிக் கழுத்தோடு இறுகிப்போன தலைக்கவசத்தைக் கொல்லன் சுத்தியும் குறடும் கொண்டு கழற்றிக்கொண்டிருந்தான்.

புகழ் பகையை வளர்த்தது. இளைய மன்னனின் மனைவி மார்கரெட்டோடு அவனுக்குத் தகாத உறவு உண்டு என்று 1182-இல் பொறாமைக்காரர்கள் புரளி கிளப்பினர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் திருநாளில் கான் நகரத்து அரசவையிலே, குற்றம் சாட்டுபவர் எவரோடும் போரிட்டு நிரபராதி என்று நிரூபிக்கத் தயார் என்று அவன் அறைகூவினான். ஒருவரும் முன்வரவில்லை, ஆனால் எஜமானனின் முகமும் மலரவில்லை. குற்றச்சாட்டின் உண்மையைவிட, ஊழியக்காரன் எஜமானனைக் காட்டிலும் பெரிய பெயரெடுத்துவிட்டான் என்ற உறுத்தலே பிரிவுக்குக் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மறு ஆண்டு தந்தைக்கு எதிராக இரண்டாம் முறை கலகம் செய்த இளைய மன்னன் அவனைத் திரும்ப அழைத்தான். அழைப்பின் பேரில் செல்லும் வழியில் நடந்த ஒரு சம்பவத்தைக் காவியம் சற்றும் கூச்சமின்றிச் சொல்கிறது. ஒரு துறவி ஒரு பிரபு குலப் பெண்ணோடு ஓடிப்போவதை வில்லியம் கண்டான், அதைக்கூட மன்னித்திருப்பான், ஆனால் அவர்கள் கையிலிருந்த 48 பவுனை வட்டிக்கு விட்டுப் பிழைக்கப்போகிறோம் என்று அந்தத் துறவி சொன்னதும், வட்டிப் பிழைப்பு பாவம் என்று சினந்து, பணத்தைப் பறித்துக்கொண்டு அவர்களைப் போகவிட்டான். பணத்தைத் தோழர்களோடு பகிர்ந்து செலவழித்தான். இதில் திருட்டு ஏதும் இருப்பதாக அவனுக்கோ, அவனைப் பாடியவனுக்கோ தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1183 ஜூன் 11-ஆம் நாள், மார்ட்டெல் என்ற ஊரில் இளைய மன்னன் சீதபேதி கண்டு மாண்டான். சிலுவை தைத்த தன் மேலங்கியை எருசலேமுக்குக் கொண்டுபோய்த் தன் பிரதிக்ஞையை நிறைவேற்றும்படி அவன் கேட்டுக்கொண்டதை வில்லியம் சிரமேற்கொண்டான். புண்ணியபூமியில் கழித்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி, போர்விளையாட்டை அத்தனை விரிவாகப் பாடிய காவியம் ஒரு சில அடிகளே செலவிடுகிறது. திரும்பி வந்தவனை, மகனைப் பறிகொடுத்த இரண்டாம் ஹென்றி தன் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டு, வடக்கே கார்ட்மெல் என்ற நிலமானியத்தைக் கொடுத்தான்.

ஹென்றியின் கடைசி நாட்கள் இரங்கத்தக்கவை. உயிரோடிருந்த மூத்த மகன் ரிச்சர்டு பிரெஞ்சு மன்னன் பிலிப்போடு சேர்ந்து தந்தையை வேட்டையாடினான். 1189 ஜூன் மாதத்தில் லெ மான் நகரம் தீப்பிடித்து எரிய, நோயுற்ற ஹென்றி தப்பியோடும்போது, கவசம் பூணாமல் விரைந்து துரத்தி வந்த ரிச்சர்டுக்கு எதிரே வில்லியம் ஒருவனே ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான். நாளை அரசனாகப் போகிறவன் தன் உயிருக்கு மன்றாட, ஈட்டியை ஆள்மேல் செலுத்தாமல் அவன் குதிரைமேல் செலுத்திக் கொன்றான். ஜூலை 6-ஆம் நாள் ஷினான் கோட்டையில் ஹென்றி இறந்தான். அரசனின் பிணத்தை ஊழியர்களே கொள்ளையிட்டு ஓடிய நிலையில், அடக்கத்துக்கு ஃபோன்டெவ்ரோ மடத்துக்குக் கொண்டுபோனவர்களில் வில்லியமும் இருந்தான். அங்கே வந்த புதிய மன்னன், அன்று நீ என்னைக் கொல்லப் பார்த்தாய் என்று குத்திக்காட்டியபோது, கொல்ல நினைத்திருந்தால் கொன்றிருப்பேன் என்ற கருத்தில் அவன் பதில் சொன்னான். ரிச்சர்டு அவனை மன்னித்தது மட்டுமன்று, தந்தை வாக்களித்திருந்த பரிசையும் கொடுத்தான். தோற்கும் பக்கத்தில் கடைசி நிமிஷம் வரையில் நின்றவனே நாளைக்குத் தன் பக்கத்திலும் நிற்பான் என்று கணக்கிடத் தெரிந்தவன் ரிச்சர்டு.

அந்தப் பரிசின் பெயர் இஸபெல். அயர்லாந்தை வென்ற ஸ்ட்ராங்போ என்ற ரிச்சர்டு டி கிளேருக்கும், லெயின்ஸ்டர் அரசன் டெர்மாட்டின் மகள் ஈஃபாவுக்கும் பிறந்தவள். வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டையும், அயர்லாந்தில் லெயின்ஸ்டர் முழுவதும் அவளுடைய சீதனம். மணமகளுக்குப் பதினேழு வயது. மணமகனுக்கு நாற்பதைக் கடந்துவிட்டது. லண்டனில் நடந்த இந்த விவாகத்துக்கு அவன் கடன் வாங்கிச் செலவு செய்ய நேர்ந்தது என்றாலும், ஒரே நாளில் நிலமில்லா வீரன் ராஜ்யத்தின் பெருஞ்செல்வர்களில் ஒருவனானான். ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களுமாகப் பத்து மக்கள் பிறந்தார்கள். செப்ஸ்டோவில் அக்காலத்து மரக்கதவுகள் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. பெம்ப்ரோக்கில் அவன் எழுப்பிய வட்டக் கோபுரம் சுமார் 80 அடி உயரத்தோடு இன்றும் நிற்கிறது. 1199-இல் ஜான் மன்னனின் பட்டாபிஷேக நாளன்று பெம்ப்ரோக் எர்ல் என்ற பட்டமும் அவனை வந்தடைந்தது.

ஜானிடத்திலே நன்றியை எதிர்பார்ப்பது வீண். 1204-இல் நார்மண்டி பிரெஞ்சு மன்னன் வசமாயிற்று. கடலுக்கு இருபுறமும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள் ஏதாவது ஒரு பக்கத்தை இழக்க வேண்டிய தர்மசங்கடத்தில் அகப்பட்டார்கள். வில்லியம் 500 மார்க் கட்டி ஓராண்டுத் தவணை வாங்கினான். தவணை முடிந்ததும், 1205-இல், பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்து, நார்மண்டியிலிருந்த தன் லாங்வில் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டான். ஜானின் அனுமதி இதற்கு உண்டு என்று காவியம் அழுத்திச் சொல்கிறது. ஆனால் அதே ஆண்டு பிலிப்பின்மேல் படையெடுக்க ஜான் அழைத்தபோது, பிரமாணம் செய்துகொடுத்தவன்மேல் வாளெடுக்க மாட்டேன் என்று அவன் மறுத்தான். காவியத்தின் வழக்கறிஞர் வேலையையும் மீறி, இந்த இடத்தில் அவன் நடத்தை வழுக்கலாகவே தென்படுகிறது. விசுவாசத்தை இரண்டு கூறாக்கி இருபக்கத்துச் சொத்தையும் கட்டிக்காக்க முயன்றதைச் சாமர்த்தியம் என்று சொல்லலாம், உத்தமம் என்று சொல்ல முடியாது.

ஜான் அதற்குப் பழிவாங்கினான். மூத்த மகனையும் பின்னர் இரண்டாம் மகனையும் பிணையாகக் கேட்டு வாங்கினான். 1207-இல் வில்லியம் அயர்லாந்துக்குச் சென்றதும், அவனைத் திரும்ப அழைத்துத் தன் கண்முன்னே நிறுத்திவைத்துக்கொண்டு, அயர்லாந்திலிருந்த தன் அதிகாரியை ஏவி லெயின்ஸ்டரைத் தாக்கச் செய்தான். அப்போது கர்ப்பிணியாயிருந்த இஸபெல்லும் எர்லி ஜானும் மற்ற வீரர்களும் அங்கே நின்று அதைக் காப்பாற்றினர். ஜானுடைய கோபத்துக்குத் தப்பி ஓடிவந்த வில்லியம் டி பிரவோஸ் குடும்பத்துக்கு அவன் சில நாள் அடைக்கலமும் கொடுத்தான். அந்தக் குடும்பத்துத் தாயும் மகனும் 1210-இல் ஜானின் சிறையிலே பட்டினியால் செத்தார்கள். இத்தனைக்கும் பிறகும் வில்லியம் கலகக்கொடி தூக்கவில்லை. கேட்ட பிணையைக் கொடுத்தான். கேட்ட இடத்துக்கு வந்து நின்றான். தன்மேல் குற்றம் சுமத்தப்பட்டபோதெல்லாம் வழக்காடத் தயார் என்றான். 1215-இல் பாரன்கள் படைதிரட்டியபோது நம்பத்தக்க ஆளின்றித் தவித்த ஜானுக்கு, தான் இத்தனை நாள் வருத்திய அந்தக் கிழவனே தூது செல்லவும் சமாதானம் பேசவும் கிடைத்தான்.

ரன்னிமீட் புல்வெளியில் 1215 ஜூன் 15 தேதியிட்டு ஜான் அளித்த மாக்னா கார்ட்டா என்ற சாசனத்தின் முகவுரையில், அரசனுக்கு ஆலோசனை கூறிய மதகுருமார் அல்லாத பிரபுக்களின் பெயர்களிலே முதலாவதாக நிற்பது வில்லியம் மார்ஷலின் பெயர். எதிர்க்கட்சியில், சாசனத்தைக் காக்க நியமிக்கப்பட்ட 25 பாரன்களில் ஒருவனாக நின்றவன் அவன் மூத்த மகன். எந்தப் பக்கம் வென்றாலும் குடும்பம் பிழைக்கட்டும் என்று தந்தையும் மகனும் பேசிவைத்துப் பிரிந்தார்களோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. ஆனால் இத்தனை பெரிய காரியத்தைப் பற்றி, ஒவ்வொரு குதிரைக்கும் கணக்குச் சொன்ன காவியம் மூச்சு விடவில்லை. மகன் கலகக்காரனாக இருந்ததை அவன் பொருளில் எழுதும் நூலில் விவரிப்பது எப்படி என்ற சங்கோசமே அதற்குக் காரணமாகலாம்.

சாசனம் மூன்று மாதம்கூட வாழவில்லை. ஆகஸ்டு 24-ஆம் நாள் மூன்றாம் இன்னசென்ட் போப்பாண்டவர் அதைச் செல்லாது என்று அறிவித்தார். பாரன்கள் பிரெஞ்சு இளவரசன் லூயியை அழைத்து இங்கிலாந்தின் முடியை அவனுக்குத் தருவதாகச் சொன்னார்கள். லண்டனும் தென்கிழக்கும் லூயியின் கையில் இருக்க, 1216 அக்டோபரில் ஜான் நியூவார்க்கில் இறந்தான். அவன் மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. அக்டோபர் 28-ஆம் நாள் குளாஸ்டர் நகரத்துத் தேவாலயத்தில் அந்தக் குழந்தைக்கு நைட் பட்டம் அளித்தவன் வில்லியம். இளைய மன்னனுக்கு 1173-இல் அதே பட்டத்தை அளித்ததாகக் காவியம் சொல்லும் கையும் அதுவே. ராஜப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்கும்படி எல்லோரும் மன்றாடியபோது, எழுபது வயதான தனக்கு வலிமை இல்லை என்று முதலில் தயங்கினான். கஜானா காலி, ராஜ்யத்தின் பெரும் பகுதி கைவிட்டுப்போயிற்று. எல்லோரும் கைவிட்டாலும் அந்தக் குழந்தையைத் தோளிலே சுமந்துகொண்டு தீவு தீவாகப் பிச்சையெடுத்தேனும் காப்பேன் என்று, எர்லி ஜானிடம் மனம் திறந்து பேசிய பின்னரே பொறுப்பை ஏற்றான்.

ஏற்ற இரண்டு வாரத்தில் அவன் செய்த காரியமே நான் முன்பு குறிப்பிட்டது. நவம்பர் 12-ஆம் நாள் பிரிஸ்டலில், தன் எதிரிகள் எந்தச் சாசனத்துக்காகப் போராடினார்களோ அதே சாசனத்தை, அரசனின் பெயரால் அவனாகவே மறுபடி வெளியிட்டான். குழந்தை அரசனுக்குச் சொந்த முத்திரை இல்லாததால், போப்பாண்டவரின் பிரதிநிதி குவாலாவின் முத்திரையும் மார்ஷலின் முத்திரையும் அதிலே பதிக்கப்பட்டன. 25 பாரன்கள் அரசன்மேல் படையெடுக்கலாம் என்ற ஷரத்தும், சம்மதமின்றி வரி விதிக்கலாகாது என்ற ஷரத்தும் நீக்கப்பட்டன. ஏனையவற்றில் பெரும்பாலானவை நின்றன. கலகக்காரர் கையிலிருந்த கொடியை அரசனே எடுத்துக்கொண்டபின் அவர்கள் எதற்காகப் போராடுவது? அத்துடன், ஓராண்டுக்கு முன் ரத்து செய்த அதே திருச்சபை இப்போது ஈடு நின்றது. நிர்ப்பந்தத்தால் பிறந்து மூன்று மாதத்தில் செத்த ஓர் உடன்படிக்கை, அரசனே மனமுவந்து கொடுத்த சாசனமாக மறுபிறவி எடுத்தது அன்றுதான். 1217-இல் வனச் சாசனத்தோடு மீண்டும் வெளியிடப்பட்டு, 1225-இல் மூன்றாம் ஹென்றியால் உறுதிசெய்யப்பட்ட வடிவமே ஆங்கிலச் சட்டத்தில் நிலைத்தது. துபி கூறுவதுபோல் மூளை குறைந்த மல்லன் ஒருவன் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் காகிதம் மட்டும் போருக்கு முடிவு கட்டிவிடாது. 1217 மே 20-ஆம் நாள் லிங்கன் நகரத்திலே அது வாளால் தீர்ந்தது. அந்தக் கோட்டையை லூயியின் படைக்கு விட்டுக்கொடுக்காமல் மாதக்கணக்கில் காத்துநின்றவள் நிக்கோலா டி லா ஹே என்ற முதிய பெண்மணி. சுமார் 400 நைட்டுகளோடு வந்த வில்லியம், நகரத்துக்குள் பாயும் ஆவேசத்தில் தலைக்கவசம் அணிய மறந்துவிட, ஏவலாள் ஒருவன் நினைவூட்டினான் என்று காவியம் கூறுகிறது. எழுபது வயதுக்காரனுக்கு மறதி இயல்புதான். தேவாலயத்துக்கு முன்னே பிரெஞ்சுத் தலைவன் பெர்ஷ் பிரபு தலைக்கவசத்தின் கண்துளை வழியே குத்துண்டு இறந்தான். அவன் வில்லியத்துக்கு உறவினன். வெற்றிபெற்ற படை நகரத்தைச் சூறையாடியது, தேவாலயமும் தப்பவில்லை. கொள்ளைக்கு அஞ்சிப் படகுகளிலே ஏறிய பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் மூழ்கினர் என்று வெண்டோவர் ரோஜர் என்ற துறவி எழுதியிருப்பதை, வெற்றியைப் பாடுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். ஆகஸ்டு 24-இல் சாண்ட்விச் கடற்போரில் லூயிக்கு வந்த உதவிப் படையும் அழிந்தது.

செப்டம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையில் வில்லியம் காட்டிய தயவைக் குறித்துப் பின்னாளில் பழிச்சொல் எழுந்தது. தோற்றுப்போன லூயியைச் சிறைப்பிடிக்காமல், 10,000 மார்க் கொடுத்து மரியாதையோடு கப்பலேற்றினான். கலகக்காரருக்கு நிலங்களைத் திருப்பிக் கொடுத்தான். மகனும் நண்பர்களும் எதிர்க்கட்சியில் இருந்ததாலும், நார்மண்டியில் தன் சொத்து லூயியின் தகப்பன் கைக்குள் இருந்ததாலும் இப்படிச் செய்தான் என்றனர். அந்த எண்ணமும் அவனுக்கு இல்லாமல் இருந்திராது. ஆயினும் பழிவாங்கப் புறப்பட்டிருந்தால், பணமில்லாத ஒரு குழந்தையின் அரசாங்கம் இன்னும் பத்தாண்டு உள்நாட்டுப் போரைத் தாங்கியிருக்க முடியுமா? சுயநலமும் ராஜ்யத்தின் நலமும் ஒரே திசையில் சென்ற அந்த அபூர்வமான சந்தர்ப்பத்தை அவன் தவறவிடவில்லை.

1219 தொடக்கத்தில் நோயுற்ற அவன், லண்டன் கோட்டையிலிருந்து தேம்ஸ் நதிவழியே படகில் கேவர்ஷாமிலுள்ள தன் வீட்டுக்குப் போனான். இளம் அரசனை வின்செஸ்டர் பிஷப் தமக்கே உரிமை கொண்டாட, வில்லியம் அதற்கு இணங்காமல் போப்பின் பிரதிநிதி பாண்டல்ஃபிடம் ஒப்படைத்தான். போர்விளையாட்டில் பறித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தாலன்றி மோட்சமில்லை என்று மதகுருமார் சொல்வதாக ஒருவன் எடுத்துரைத்தபோது, தான் 500 நைட்டுகளைப் பிடித்திருப்பதாகவும், அதையெல்லாம் திருப்புவது ஆகாத காரியமென்றும், அவர்கள் சொல்வது மெய்யானால் எவருமே கரையேற முடியாதென்றும் அவன் விடை கூறினான். வீட்டு நைட்டுகளுக்குப் பெந்தெகொஸ்தேக்குத் தைத்து வைத்திருந்த அங்கிகளை விற்று ஆன்மாவுக்குத் தர்மம் செய்யலாம் என்று ஒரு குருக்கள் யோசனை சொல்ல, அவர்களுக்கு உரியதை அவர்களுக்கே கொடுங்கள் என்று கடிந்துகொண்டான். புண்ணியபூமியில் நேர்ந்துகொண்டபடி டெம்ப்ளர் துறவு வீரர்களின் சங்கத்தில் சேர்ந்து, மனைவியைக் கடைசியாக முத்தமிட்டு விடைபெற்றான். மே 14-ஆம் நாள் உயிர் பிரிந்தது. லண்டனில் டெம்ப்ளர்களின் வட்டத் தேவாலயத்தில், கேன்டர்பரிப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் புகழுரை கூற, மே 20-இல் அடக்கம் நடந்தது. அவனுடையது என்று கருதப்படும் கற்சிலை, 1941 மே 10-ஆம் நாள் இரவு விழுந்த ஜெர்மானியக் குண்டுகளால் சிதைந்தும், இன்னும் அங்கே கிடக்கிறது.

ஐந்து ஆண்மக்களும் ஒருவர்பின் ஒருவராகப் பெம்ப்ரோக் எர்ல் ஆனார்கள். ஒருவருக்கும் முறையான வாரிசு பிறக்கவில்லை. அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் பிஷப், தம்மிடமிருந்து வில்லியம் பறித்துக்கொண்ட இரு கிராமங்களுக்காக இட்ட சாபமே இதற்குக் காரணம் என்று பாரிஸ் மாத்யூ எழுதிவைத்தார். சாபங்கள் இத்தனை துல்லியமாகப் பலிப்பது, பலித்த பின் எழுதப்படும் சரித்திரங்களில்தான். மூத்தவன் 1231-இல் இறந்தான். இரண்டாமவன் ரிச்சர்டு 1234-இல், மூன்றாம் ஹென்றியோடு பகைத்து, அயர்லாந்தில் காயம்பட்டு மாண்டான். மூன்றாமவன் கில்பர்ட் 1241-இல், அரசன் தடைசெய்திருந்த ஒரு போர்விளையாட்டில், கடிவாளம் அறுந்து குதிரையால் இழுபட்டு உயிர்விட்டான். தந்தைக்குச் செல்வத்தைக் கொடுத்த விளையாட்டு மகனுக்கு மரணத்தைக் கொடுத்தது. 1245-இல் ஒரு மாத இடைவெளியில் கடைசி இருவரும் போயினர். செப்ஸ்டோவும் பெம்ப்ரோக்கும் லெயின்ஸ்டரும் ஐந்து பெண்மக்களின் வம்சங்களுக்குப் பங்காயின. அவர்களில் இஸபெல் என்பவளின் வழித்தோன்றல்களில் ஒருவன் ஸ்காட்லாந்தின் அரசன் ராபர்ட் புரூஸ். மூத்த மகள் மாடுக்கு 1246-இல் மார்ஷல் பதவி சென்றது. அது அவள் வழியாக நார்ஃபோக் பிரபுக்களை அடைந்து, இடையே பல குலங்களின் கைமாறி, இன்று நார்ஃபோக் டியூக்கின் பரம்பரை உரிமையாக இருக்கிறது. 2023 மே 6-ஆம் நாள் மூன்றாம் சார்லஸின் பட்டாபிஷேகத்தை ஏற்பாடு செய்தவர், எர்ல் மார்ஷல் என்ற முறையில், அந்த டியூக்கே.